ஆறாவது விரல்

ஒத்தக்கடையில் இறங்கி
யானைமலைக்கு எதிரே உட்கார்ந்த முதல் ஞாயிறு
பென்சிலைவிட ரப்பர்தான் அதிகம் தேய்ந்தது.
தும்பிக்கையை நீட்டினால்
முதுகு தாளைத் தாண்டிப் போகிறது.
முதுகை அடக்கினால்
மலை எருமையாகிவிடுகிறது.
ஆடு ஓட்டிவந்த பையன் எட்டிப் பார்த்து
"எங்க ஊருல இப்படி மலை இல்லையேக்கா" என்றான்.
மரியாதையாகத்தான் சொன்னான்.

அடுத்த வாரம் ரப்பரை வீட்டில் வைத்துவிட்டு
நீல பால்பாயின்ட் பேனாவோடு போனேன்.
தப்பு தப்பாகவே கிடக்கும் என்று தெரிந்ததும்
கை கொஞ்சம் யோசித்து நகர்ந்தது.
தப்பின் மேல் ஒரு கோடு,
அதன் மேல் இன்னொன்று.
பாறையில் மழை வழிந்த கறுப்புத் தடங்களும்
அப்படித்தான் விழுந்திருக்குமோ என்னவோ.

தேய்ப்பு வண்டி முத்திருளாண்டியிடம்
கரி கேட்டு நின்றேன்.
"துணி எங்கக்கா?" என்றார்.
நாயக்கர் மகால் தூண்களுக்கு அந்தக் கரிதான் சரி.
இரண்டே இழுப்பில் தூண் நிமிர்ந்தது
(அளவெடுக்கவில்லை, கட்டியவர்கள் மன்னிக்க).
வெயிலை நான் வரையவேயில்லை,
கரி படாத இடமெல்லாம் வெயில்.
புறா படபடத்ததில் முழங்கை தட்டி
மூன்று தூண்கள் புகையாயின.
புகையானவைதான் நன்றாக இருந்தன.

வைகையை வாட்டர்கலரில் வரைய
பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனேன்.
அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

வார நாட்களில் எனக்கு எக்ஸ்ரே அறையில் வேலை.
மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க.
இருபது வருடமாக இந்த இரண்டு வாக்கியம்.
அசையாத எலும்புகளுக்குப் பழகிய கண்
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில்
காலை ஐந்தரைக்குத் திணறியது.
இங்கே யாரும் மூச்சைப் பிடிப்பதில்லை.
மூட்டை அவிழ்வதற்குள் விலை ஏறிவிடுகிறது.
"ஓரம் ஓரம்" என்று ஒரு தலைச்சுமை
என் நோட்டின் மேலேயே நடந்து போகிறது.
ஒச்சம்மாள் மட்டும் ஓரிடத்தில் உட்கார்ந்து
மல்லி தொடுத்துக்கொண்டிருந்தாள்.
விரல்கள் அவளோடு உட்காரவில்லை.

பேனா பின்தங்கியது.
கரி, ஈரத் தரையில் விழுந்து கூழானது.
பையில் மிச்சம் ஒரு மூங்கில் குச்சி,
மூடி இறுகிய மைப்புட்டி.
பல்லால் திறந்தேன்.
தாளைப் பார்க்காமல் அவள் கையை மட்டும் பார்த்து
நார் சுற்றும் வேகத்துக்கே இழுத்தேன்.
முதலில் மை கொட்டியது, பிறகு
குச்சி காய்ந்து கீறலாக ஓடியது,
நடுவில் எங்கேயோ ஒரு கை.

"காட்டு" என்று ஈரக் கையால் பிடுங்கினாள்.
ஒன்று, ரெண்டு என்று தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
"எனக்கு ஆறு விரலா?"
நாலு கூடை தள்ளி வரைக்கும் சிரிப்பு போனது.

நானும் எண்ணினேன். ஆறுதான்.
நார் சுற்றப் போன விரலும்
சுற்றிவிட்டுத் திரும்பிய விரலும்.
எக்ஸ்ரே என்றால்
அசைஞ்சிட்டீங்க, திரும்ப எடுக்கணும் என்றிருப்பேன்.
கிழித்துவிடவா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்த்தா.
முகூர்த்த நாளைக்கு அஞ்சு பத்தாது."

மடித்து நனைந்த சாக்குக்கு அடியில் வைத்தவள்
திருப்பித் தரவேயில்லை.
என்னிடம் இருப்பது அதற்கு அடுத்த தாள்:
மை ஊறி இறங்கிய ஏழெட்டுப் புள்ளிகள்,
கொஞ்சம் மல்லி வாசம்,
இரண்டு நாள் மட்டும்.