இரண்டு பக்கமும்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பகல் பதினொன்றுக்கும் டியூப்லைட் எரிகிற கடை.
தலைக்குமேல் திருவனந்தபுரம் பஸ் போகையில்
பேப்பர்க் கட்டுகள் லேசாக அதிரும்.

நவம்பர் செமஸ்டர்.
ஈரக்குடையோடு வந்து நிற்கிறார்கள்
ஒரே நோட்டுக்கு ஒன்பது பேர்.
நோட்டு டெல்பினாவுடையது.
இரண்டு வருடமாக அவள் கையெழுத்தைத் தெரியும்,
முகம் தெரியாது.
அவள் எதற்கு இங்கே வரவேண்டும்,
அவளுக்கு நகல் தேவையில்லையே.

கவிழ்த்து, மூடி, அமுக்கும்போது
பச்சை வெளிச்சம் ஓரத்தில் கசிந்து
ஒரு வரியைக் காட்டிவிட்டுப் போகும்.
நானும் அதே பி.காம்.தான்.
என் வகுப்பறை
கல்லாவுக்குப் பின்னே, செல்லோடேப்பில் சாய்த்த செல்போன்.

"ரெண்டு பக்கமும் எடுக்கணுமா?"
கேட்டுக்கொண்டே சாரை நிறுத்துகிறேன்.
வாய் பாதி திறந்தபடி
தேய்மானத்தின் முதல் எழுத்திலேயே நிற்கிறார்,
நாற்பது தாள் முடியும்வரை.
எந்தக் கல்லூரியில் இது நடக்கும்?

போன மாதம் ஒரு சந்தேகம் அனுப்பினேன்.
'உங்கள் கேள்வி பெறப்பட்டது' என்று வந்தது.
இன்னும்
பெறப்பட்டபடியே இருக்கிறது.

சனிக்கிழமை நேரலையில் இருநூற்றுப் பதினான்கு பேர்.
ஆளுக்கொரு வட்டம், வட்டத்துக்குள் ஓர் எழுத்து.
நான் 'வி'.
என்னைப்போல இன்னும் பதினேழு 'வி' உண்டு.
மழை வலுத்தால் நெட் போகும்;
ஒரு 'வி' குறைந்ததை யார் எண்ணப்போகிறார்கள்.

"எக்கா, கடைசி மதிப்ப எதுக்குக் கழிக்கணும்?
டெல்பினாவும் எழுதலயே."
ஷிஜின் என்கிற பையன், சும்மா புலம்பியதுதான்.
நான் மூலையைக் காட்டினேன்.
"அந்தா கிடக்குல்லா பழைய மெஷின்,
எழுவதாயிரத்துக்கு வாங்குனது.
ஆக்கர்க்காரன் நாலாயிரம் தாறேன்னு நிக்கான்.
மிச்சம் அறுவத்தாறுதான
ஆறு வருசத்துல நாங்க தின்னது?
வருசத்துக்குப் பதினொண்ணு."

அவன் நோட்டைப் பார்க்கவில்லை.
மெஷினையே பார்த்தான்.
"எக்கா எந்தக் காலேஜு?"
மேலே ஒரு பஸ் போனது, நல்லவேளை.

பிறகு எதிர்க்கடையில்
ஒரு தட்டுப் பழம்பொரிக்கு ஐந்தாறு கை.
யாரோ எதற்கோ சிரிக்க
ஒரு குடை விரிந்தபடி ரோட்டில் உருண்டது,
எல்லாரும் அதன் பின்னே ஓடினார்கள்.
இதை எந்தச் சாரும்
பதிவுசெய்து அனுப்பப்போவதில்லை.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
என் அடையாள அட்டையை அச்செடுத்தேன்.
கோப்பாகத்தான் அனுப்பியிருந்தார்கள்.
லேமினேஷன் முப்பது ரூபாய்,
கல்லாவில் போட்டேன்.
கைப்பழக்கத்தில் மேலே ஓட்டையும் குத்திவிட்டேன்.

கயிறு டப்பாவில் நீலம் மட்டும்தான் கிடந்தது.
அது அவர்கள் நிறம்.
நாளை முதலாளி நாகர்கோவில் போகிறார்,
வேறு ஏதாவது வாங்கிவரச் சொல்லணும்.