இரண்டாம் சீட்டு

ஐம்பத்திரண்டு, தை பிறந்து எட்டாம் நாள்.
ஆத்திவயல் ஆரம்பப் பள்ளி, சாவடி எண் நாற்பத்தொன்று.
நான் மைக்காரன்.
தேவகோட்டை முனிசிபல் ஆபீஸ் குமாஸ்தா,
அன்றைக்குப் பேட்டா மூன்று ரூபாய்.

இரட்டைத் தொகுதி. ஆளுக்கு இரண்டு சீட்டு,
மறைப்புக்குப் பின்னால் ஐந்து பெட்டி.
குடையும் சைக்கிளும் பொது இடத்துக்கு,
விளக்கும் எஞ்சினும் ஒதுக்கிய இடத்துக்கு.
ஐந்தாவது தராசு. அது யாரென்று
தராசுக்கே தெரியாது.

ஒதுக்கிய இடம் என்றதும்
வரிசையில் ஒருவர் சிரித்தார்:
“ஒதுக்கித்தானே வச்சிருந்தோம்,
இப்ப அதுக்கு ஒரு நாற்காலியா?”

குடை, மு.சி.த. வீட்டு இளையவர்.
மூன்றெழுத்து விலாசத்துக்கு முகம் வேண்டாம்,
கார் வந்து நின்றால் போதும்.
விளக்கு, அவர் நிறுத்திய ஆள்,
அவர் தொழுவத்தில் வளர்ந்த காத்தான்.
எஞ்சின், சேவுகன்.
ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கி
குண்டு விழுந்த வருஷம் நடந்தே ஊர் வந்தவன்.
ஊருணியில் இறங்கிக் குளித்ததற்கு
அவன்மேல் ஒரு வழக்கு. இன்னும் வாய்தா.

காலையில் ஒரே வரிசைதான்.
பத்து மணிக்குக் கிராம முன்சீப்
அதை இரண்டாக்கினார்.
கயிறு கட்டவில்லை, சத்தம் போடவில்லை.
வேப்பமர நிழலை ஒரு வரிசைக்குக் கொடுத்தார்,
அவ்வளவுதான்.

பிறகு என் காதோரம் குனிந்து,
“அந்த வரிசைக்கு மை வைக்கக் குச்சி இருக்குங்க.”
சீவிய மூங்கில், நுனியில் பஞ்சு.
முதல் நாளே செய்து வைத்திருக்கிறார்.
சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன் என்று சொல்ல ஆசை.
பார்க்கவில்லை.
வாங்கிக்கொண்டேன்.

நிழலுக்கு, விரலைப் பிடித்து நகக்கண்ணில் மை.
வெயிலுக்கு, ஒரு முழத்துக்கு அப்பாலிருந்து குச்சி.
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
எண்ணுவதும் என் வேலைதான்.

அடுத்தவள், பட்டியலில் ‘சோணை பெஞ்சாதி’.
“எனக்குப் பேர் இருக்கு. உடையாள்.”
குச்சியைப் பார்த்தாள்.
“இதென்ன, புண்ணுக்கு மருந்தா?”
நான் பதில் தேடுவதற்குள்
என் கட்டைவிரலைப் பிடித்து
மைச் சீசாவில் முக்கி
தன் விரலில் அழுத்திக்கொண்டாள்.
கதிர் அறுத்துக் காய்த்த கை,
வெயிலில் நின்ற சூடு.

முன்சீப் இருமினார்.
அவளுக்குப் பின்னால் நின்றவன்
குச்சியைப் பார்க்கவே இல்லை,
விரலை நீட்டிக்கொண்டு நின்றான்.

பெட்டிகளுக்கு அரக்கு வைத்தபின்
மறைப்புக்குள் போனேன்.
எண்பத்தாறு சீட்டு.
ஜன்னல் கம்பியில், பெட்டிக்கு அடியில்,
வெற்றிலை மாதிரி மடித்து ஓட்டு இடுக்கில்.
காத்தானுக்குக்கூடப் போட மனம் வராத
இரண்டாம் சீட்டுகள்.
யார் விட்டுப்போனதென்று சீட்டில் எழுதியிருக்காது.
இரண்டொன்றில் சந்தனம் ஒட்டியிருந்தது.
உறைக்குள் போட்டு
‘கைவிடப்பட்டவை’ என்று எழுதினேன்.
அதற்கு ஒரு பத்தி இருந்தது படிவத்தில்,
குச்சிக்கு இல்லை.

குடை ஜெயித்தது. கூடவே விளக்கு.
எஞ்சின் முந்நூற்றுச் சொச்சத்தில் போனது.
அடுத்த வாரம் சேவுகனை
கோர்ட்டு வாசலில் பார்த்தேன், வாய்தாவுக்கு வந்திருந்தான்.
என்னை அவனுக்குத் தெரியாது.

என் ஓட்டு தேவகோட்டையில்.
சாவடி வேலையில் அதைப் போட முடியவில்லை.
ஆனால் மாசி முடியும்வரை
கட்டைவிரல் நகத்தில் கறை.
புளி வைத்துத் தேய்த்துப் பார்த்த மனைவி கேட்டாள்,
“யாருக்குப் போட்டீங்க?”