ஏழாம் நிலை வாள்வீரன்

வண்ணாரப்பேட்டை, ஜெராக்ஸ் கடை மாடி.
காலண்டர் தாளின் முதுகில்
ஆவுடை வரைந்த ஆற்றுப்பாலம்.
நடுவில் பூதங்கள்:
பதினொரு புளியங்கொட்டை.

என் வாள்வீரனுக்கு முறைக்கு ஒரு வெட்டு.
உருட்டினேன். பதினேழு.
எட்டுப் புள்ளி சேதம்.
ஒரு கொட்டையும் அசையவில்லை.

மைதீன் பிச்சை
டீயை உறிஞ்சிக்கொண்டே
'தீக்கோளம்' என்றான்.
ஒன்பதைப் பொறுக்கி
டப்பாவில் போட்டாள் ஆவுடை.

ரெண்டு பேரும் ஏழாம் நிலைதான்.
விதிப்புத்தகத்தில் எனக்கு அரைப்பக்கம்,
அவன் மந்திரங்களுக்கு அறுபது.
'நீ கதவுல மக்கா,
அடி வாங்கிட்டு நிக்கதுதான் ஒன் சோலி.'

மூன்றாம் சண்டையில்
அவனுக்கு எல்லாம் தீர்ந்தது.
'ஒரு ராத்திரி தூங்கிட்டு வருவமா?'
'தூங்கு. வெள்ளம் ஏறுது.
விடியும்போது பாலம் இருக்காது.'

அப்புறம் நான் மட்டும்.
பதினெட்டு, வெட்டு.
நாலு, தப்பு.
பதினாலு, வெட்டு.
எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பதுபோல
சலிப்பாகத்தான் இருந்தது.

மேலப்பாளையம் கடைசி பஸ்ஸுக்கு
மைதீன் ஓடிவிட்டான்.
'அடுத்த வாரம் நானும்
மந்திரவாதி ஆயிரட்டா?'
ஆவுடை கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
'ஒண்ணு குறையுதே.'

என் சட்டைப்பையில் இருந்தது.
கொடுக்கவில்லை.