பதினேழாவது கேள்வி

படிவத்தில் பதினேழாவது கேள்வி:
வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது?

புதுவயல் ஆலைக் களத்தில்
அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே
பாண்டிமீனா சொன்னாள்:
"நான் அந்தக் கோடியில நின்னேன்.
ஓடியாந்தப்ப கண்ணு மேல சொருகிக் கெடந்துச்சு.
அறந்தாங்கி பஸ் வந்துச்சு, போயிருச்சு.
இன்னும் வெட்டிக்கிட்டே இருந்துச்சு."

பஸ்ஸை நிமிடமாக்கத் தெரியாமல்
ஐந்து என்று பென்சிலால் எழுதி
அழித்தேன்.

பதினெட்டு: கையில் இரும்பு கொடுத்தீர்களா?
கொடுத்திருந்தாள். கிட்டங்கிச் சாவி.
லிங்கேஷின் உள்ளங்கையில்
அதன் பல் பதிந்த இடம்
ஆறி வெளுத்திருந்தது.
வயது ஒன்றரை. காய்ச்சல் நூற்று மூன்று.

கோப்பை மூடும்போது கேட்டாள்:
"திரும்ப வருமா?"
"மூணுல ஒரு புள்ளைக்கு வரலாம்.
வளர வளர பெரும்பாலும் நின்னுரும்."
"எனக்கு இருக்கது ஒண்ணு.
ஒண்ணுல எப்புடிம்மா மூணு பாக்குறது?"

அவள் கேட்பதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

ஆறு மாதம் கழித்துப் போனேன்.
வந்திருந்தது,
ஐப்பசி மழைக் காய்ச்சலில் ஒரு தடவை.
ஒருக்களித்துப் படுக்க வைத்தாளாம்.
சாவியைத் தொடவில்லையாம்.
போனில் எண் ஓடுவதையும் பிள்ளை உதட்டையும்
மாற்றி மாற்றிப் பார்த்தாளாம்.
"ரெண்டு நிமிசம் நாப்பத்தொரு செகண்டு.
எழுதிக்கங்க."

கட்டம் முழு எண்ணைத்தான் ஏற்கும்.
மூன்று என்று எழுதினேன்.

எட்டிப் பார்த்தவள்
"பத்தொம்பது செகண்டு கூட்டிட்டீங்களே"
என்றாள்.