தேய்மானம்

ஜூலையில் செம்பூரில் பெயிண்ட் காய்வதில்லை.
ஏர்பிரஷ்ஷில் அடித்த பச்சை
அரை மணியில் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும்.
அதனால் டாங்கியைப் பாகம் பாகமாக
டப்பாவில் போட்டு
அரிசி டிரம்முக்குள் புதைத்துவைக்கிறேன்.
மூடி சரியில்லாத டப்பா.
ஒருநாள் அரிசி களைந்த ஜெசிந்தாவின் கையில்
சக்கரம் ஒன்று வந்தது.
கல் வரும், வண்டு வரும்,
இது என்னடி என்றாள்.
வலப்பக்கம் நாலாவது என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அன்றைக்கு இருவரும் பாவ் வாங்கித் தின்றோம்.

பகலில் எனக்கு இன்ஷூரன்ஸ் சர்வே.
குர்லா கராஜ்களில் குனிந்து
வண்டிகளின் அடிவயிற்றைப் பார்க்கிற வேலை.
நசுங்கலுக்குப் பணம் உண்டு.
கீறலுக்கு உண்டு, கண்ணாடிக்குப் பாதி உண்டு.
துருவுக்கு இல்லை.
துரு என்றால் தேய்மானம்.
அந்தப் பெட்டியில் டிக் அடித்தால்
அதற்குமேல் பேச்சில்லை.

இரவில் அந்தத் துருவைத்தான் செய்கிறேன்.
பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்து
பழுப்பில் தொட்டு
முக்கால்வாசியைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு
மிச்சத்தை மட்டும்.
முதல் டாங்கியில் எனக்கு அது தெரியாது.
நாற்பது வருடம் கடலுக்கடியில் கிடந்ததுபோல்
ஆக்கிவைத்தேன் அதை.

துரு எங்கும் வராது.
புகைக்குழாய் சூடாகிற இடத்தில் வரும்,
போல்ட்டின் கீழே தண்ணீர் தங்கினால் வரும்.
ஏறுகிறவனின் கால் படும் இடத்தில் வராது,
அங்கே இரும்பு வெளுத்து மின்னும்.
அப்படியானால் அவன் எந்தக் காலை முதலில் வைப்பான்?

மண்ணும் வேண்டும்.
கால்சட்டை மடிப்பில் சேர்ந்த குர்லா மண்ணை
வேட்டித் துணியில் சலித்துத் தூவினேன்.
ஒவ்வொரு துகளும் பாறாங்கல்லாக நின்றது.
முப்பத்தைந்தில் ஒரு பங்காக
பீரங்கி சுருங்கும், ஆள் சுருங்குவான்,
மண் சுருங்குவதில்லை.
கழுவிவிட்டு
சாக்பீஸை உரசிப் பூசினேன்.

எந்தச் சண்டை இது என்று கேட்கிறார்கள்.
பெட்டிமேல் போட்டிருக்கிறது.
எனக்குத் தெரிந்தது அதன் மட்கார்டு.

பெட்டிக்குள் ஓர் ஆளும் உண்டு.
தளபதி. இடுப்போடு முடிந்துவிடுவான்.
மூடி திறந்த துளையில் செருகிவிட்டால்
கீழே இருப்பது யாருக்குத் தெரியும் என்று
கம்பெனி அவனுக்குக் கால் தரவில்லை.

சென்ற செவ்வாய் தத்தாராமின் டெம்போ.
கழுத்துவரை தண்ணீரில் நின்ற வண்டி.
எஞ்சினுக்கு எழுதிவிட்டேன்.
தரைத்தகட்டில் கை நுழையும் ஓட்டை,
ஓரமெல்லாம் பொரிந்து செதிலாக உதிர்கிறது.
டிக் அடித்தேன்.
அவர் சண்டை போடவில்லை.
நனைந்த ஆர்.சி. புத்தகத்தை
விசிறிபோல் ஆட்டிக் காயவைத்தபடி கேட்டார்:
மேடம், இதில் போன மழை தின்றது எவ்வளவு,
இந்த மழை தின்றது எவ்வளவு?

ஏறும் படியைப் பார்த்தேன்.
இடது பக்கம் மட்டும்
செருப்பு வைக்கும் அகலத்துக்கு
வெள்ளி மாதிரி வழவழத்திருந்தது.
படத்தில் அது விழவில்லை, வெளிச்சம் போதாது.
அதைப் போட அறிக்கையில் இடமும் இல்லை.

மணி ஒன்றரை.
கீழ்வீட்டுக்காரர் கத்துவார் என்று
கம்ப்ரஸரை அணைத்துவிட்டேன்.
போல்ட்டின் கீழ் ஒரு சொட்டு ஆரஞ்சு,
டர்பன்டைன் தொட்ட தூரிகையால் கீழே இழுத்தால்
ஒரு மழை.
பக்கத்திலேயே இன்னொன்று, கொஞ்சம் கறுப்பாக.
எது போன வருடத்தது என்று
செய்த எனக்கே சொல்ல முடியவில்லை.
மூன்றாவதை இழுக்காமல் விட்டேன்.

பிறகு பென்சில் முனையைப் பொடித்து
விரல்நுனியில் எடுத்து
மட்கார்டின் இடதுபக்கம் தேய்க்கிறேன்,
காலில்லாதவன் ஏறி ஏறி
வழவழப்பாக்கிய இடம்.
செருப்பு வைக்கும் அகலம்தான்.
இன்னும் கொஞ்சம் மின்னட்டும்.

மூடியைச் சாத்தி ஒட்டிவிட்டேன்.
அவன் இன்னும் அரிசிக்குள் காய்கிறான்.
காலையில் உலை வைக்குமுன்
ஜெசிந்தாவிடம் சொல்ல வேண்டும்.