நாற்காலிக்கு நூற்றைம்பது

நுவரெலியாவில் சீசன். பந்தயத் திடலுக்கு மேலே
பழைய துரை பங்களாவில் எங்கள் கிளப்.
கம்பிக்குப் பின்னால் நான், மூன்றாம் இலக்கக் கவுண்டர்.
இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் கம்பெனி கோட்.

வாசலில் சட்டப்படி ஒரு பலகை, மூன்று மொழியில்.
நுழைவுக்கு அறவிடலாம், ஒரு சீட்டு விடியும்வரை செல்லும்.
வென்ற தொகையில் சொன்ன வீதம் மட்டும் பிடிக்கலாம்.
தண்ணீருக்குக் கூடாது.
இருக்கைக்குக் கூடாது என்பது தமிழில் மட்டும்
‘இறக்கைக்குக் கட்டணம் அறவிடலாகாது’ என்று விழுந்திருக்கிறது.
இதுவரை யாரும் பறந்து காட்டாததால்
திருத்தவில்லை.

வீரமலை கந்தப்பளையில் லீக்ஸ் போடுகிறவர்.
ஒன்பது மணிக்கு வந்தார்,
லொறிக்கூலி போக நாற்பத்திரண்டாயிரம்.
இரண்டே காலுக்கு ஒன்றுமில்லை.
சத்தம் போடவில்லை. மழை வந்தால்
வரப்பிலிருந்து எழும்புவதுபோல எழும்பினார்.

பிறகுதான் துண்டைப் பார்த்தார்.
மேசை வசதி: நூற்றைம்பது.
“இது என்னா பிள்ள?”
நாற்காலிக்கு என்றேன், குரலை இறக்கி.

அவ்வளவுதான்.
சாக்குக்கென்று கிலோ கழிக்கும் மண்டியை,
ஈரக்கொழுந்தென்று கழித்த தராசை,
அவர் அம்மாவுக்கு அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையை,
எல்லாரையும் இழுத்துவந்து
என் கம்பிக்கு முன்னால் நிறுத்தினார்.
பலகையில் விரலை வைத்தார்:
“எழுத்துப் பிழைச்சா சட்டமும் பிழைச்சுருமா?”

மெனேஜர் லிண்டன் தேநீர் தருவித்தார். இலவசம்.
வாங்கியது பிழைதான் என்று
என் காதுக்கு மட்டும் சொன்னார்.
குடுத்திரு, பற்றுச்சீட்டு வேண்டாம்.
வீரமலை பற்றுச்சீட்டுக் கேட்டார்.

எழுதினேன். கார்பன் தாள் குளிரில் விறைத்திருந்தது.
காரணம்: சட்டத்தில் இல்லாத அறவீடு.
ஒரு நூறு, ஒரு ஐம்பது.
நாற்பத்திரண்டாயிரத்தை எண்ணாமல் தள்ளியவர்
இதை இரண்டு தரம் எண்ணினார்,
ஐம்பதை வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.
“நாம விட்டுருவமா” என்று காவலாளியிடம்
சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.
வென்றவன் நடை.

கந்தப்பளைக்கு முதல் பஸ் ஐந்தரைக்கு.
கேட்டடியில், பனியில், ஒரு கல்லில் குந்தியிருந்தார்.
அதற்கு நாங்கள் வாங்க முடியாது.

நாலு மணிக்கு எட்டிப் பார்த்தேன்.
கல் மட்டும் இருந்தது, நடுவில்
ஓர் ஆள் அளவு காய்ந்து.

எனக்குப் பின்னால், பச்சைத் துணி மேசையில்,
ஆகக் குறைஞ்ச பந்தயம் எவ்வளவு என்று
யாரோ கேட்கிறார்கள்.
விடியும்வரை செல்லும் சீட்டு.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.