குறிப்புப் பத்தியில் மூன்று வரிதான்

கைக்குள் அடங்கும், சட்டைப் பைக்குள் அடங்காது.
நடுத்தரம் என்று பெட்டியில் போட்டதற்கு
இதுதான் அர்த்தம் போல.
விலை நூற்று முப்பத்தொன்பது ரிங்கிட்.
காவலர் எட்டுப் பேருக்கும் வாங்கலாமா,
ஒரு வாரம் வைத்திருந்து சொல் என்று
பாரத்தோடு நீட்டினாள் அலுவலகத்து மிஸ் லிம்.
பாயா தெருபோங், மூன்று புளோக், இருபத்திரண்டு மாடி.
பம்பு அறை, தண்ணீர்த் தொட்டி, லிப்ட் குழி
எல்லாம் என் பாடு.

ஆயிரத்து இருநூறு லூமன் என்கிறது பெட்டி.
மொட்டைமாடியில் நின்று எதிர்க் குன்றில் அடித்தேன்.
ஒரே ஒரு மரம் திரும்பிப் பார்த்தது,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.
நான்கு நிமிடம்.
பிறகு வெளிச்சம் தானாக இறங்கிக்கொண்டது.
உடம்பில் சூடு;
தே தாரேக் கிளாஸ் சூடு,
கை மாற்றி மாற்றிப் பிடிக்கலாம்.

பொத்தான் பக்கவாட்டில்.
ஈரக் கையுறையோடு தடவினால் அகப்படாது.
சார்ஜ் வாயை மூடும் ரப்பர் நாக்கு
இந்த ஊர் மழைக்கு ஒரு வருஷம் தாங்கினால்
என் காதை அறுத்துக்கொள்கிறேன்.
ஆனால் பின்புறம் காந்தம் இருக்கிறதே,
பம்பு மூடியில் பல்லிபோல் ஒட்டிக்கொண்டு
என் இரண்டு கையையும் எனக்கே திருப்பிக் கொடுத்தது.
பதினொரு வருஷமாகப் பல்லில் கடித்துத்தான்
வால்வு திருகிக்கொண்டிருக்கிறேன்.

வியாழன் இரவு கேட்காமல் எடுத்துப் போனான்
கொழுந்தன் திருவரங்கன்,
பாலிக் பூலாவில் டுரியான் பொறுக்க.
விடிந்து திரும்பியபோது ஒருபக்கம் சேறு.
"வெள்ளை ரொம்ப வெள்ளை அண்ணி,
வேரும் பாம்பும் ஒரே நிறம்,
பாதி ராத்திரி வேருக்கெல்லாம் வழி விட்டேன்."
கீழே விழுந்ததா என்றேன்.
பழந்தான் விழுந்தது என்றான்.
நீர் புகவில்லை, சேறு புகவில்லை.
வாசனை புகுந்துவிட்டது. அதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை.

சனிக்கிழமை ஏழரைக்கு மின்சாரம் போனது.
பி புளோக் லிப்ட்
பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவில் நின்றது.
உள்ளே உணவு கொண்டுவந்த ஃபிக்ரி,
பதினெட்டாம் மாடி மேடம் கூ.
கம்பி போட்டு நெம்பினால்
கதவு நான்கு விரல் விட்டது,
அதற்கு மேல் முறுக்கிக்கொண்டது.
அந்த நான்கு விரலில் என் கை போகவில்லை.
விளக்கு போனது,
கிளிப்பில் ஒரு கீறலோடு.

"கண் கூசுது காக்" என்று மலாயில் கத்தினான் பையன்.
அழுத்திப் பிடி, விடாதே, இன்னும், இன்னும்.
வெளிச்சம் படி இறங்கிப் படி இறங்கி
மூன்று லூமனில் உட்கார்ந்தது.
மெக்கானிக் பட்டர்வொர்த்திலிருந்து வர வேண்டும்,
பாலத்தில் நெரிசல்.

ஐம்பது நிமிடம்.
அவ்வப்போது இடுக்கில் குனிந்து பார்த்தேன்.
விளக்கைத் தலைமேலாக நிறுத்தி
அதன்மேல் தண்ணீர்ப் போத்தலை வைத்திருந்தான்.
அந்த இரும்புப் பெட்டி முழுக்கப் பால் கலந்த வெளிச்சம்.
கதவு திறந்தபோது
இருவரும் தரையில் சம்மணமிட்டு,
நடுவில் யாருக்கோ போகவேண்டிய நாசி கண்டார்,
மேடம் கூவின் விரலில் மஞ்சள் குழம்பு.
"அந்தக் கஸ்டமருக்கு நான் பணம் கொடுக்கிறேன்,
பையனைத் திட்டக் கூடாது" என்றாள் என்னிடம்,
நான்தான் திட்டப்போகிறவள் மாதிரி.

ஞாயிறு, பாரம்.
ஒளி: போதும்.
எடை: நூற்றெழுபது கிராம், பரவாயில்லை.
பேட்டரி: நான்கு புள்ளியில் மூன்று இன்னும் பச்சை.
குறைகள்: பொத்தான், ரப்பர், பாம்பு.
பாம்பை அடித்துவிட்டு நிறம் என்று எழுதினேன்.

இன்னொன்றும் இருந்தது.
அணைத்துவிட்டு மறுபடி போட்டால்
கடைசியாக விட்ட அளவிலேயே எரிகிறது.
காவலருக்கு இது ஆகாது.
நடுச்சாமத்தில் வேலி ஏறுகிறவன்மேல்
மூன்று லூமன் அடித்து என்ன செய்ய,
வழிகாட்டவா?
குறை என்றே எழுதினேன்.

மிஸ் லிம்மிடம் நாளைதான் ஒப்படைக்க வேண்டும்.
படிக்கட்டு விளக்கு இன்னும் வரவில்லை.
பொத்தானை ஒருதரம் தட்டினேன்,
கூட்டிக்கொள்ளவில்லை.
ஒரு படி தெரிந்தது, அடுத்த படி தெரிந்தது,
லேசாக டுரியான் மணத்தது.